சுவரைச் சுடும் பொம்மை

"கரண்ட் போனாலும் இந்தக் கதவு திறக்காது" என்று மேனேஜர் பெருமையடித்தபோதே நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கியிருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

"கரண்ட் திரும்பி வந்தாலும் திறக்காது சார். மேல் மாடியிலேர்ந்து முதலாளி நேர்ல வந்து, அவர் கார்டை வெச்சாத்தான் பூட்டுக்கெல்லாம் மறுபடி உயிர் வரும். எல்லாம் நான் போட்ட ஏற்பாடு. ஆட்டம் வெளிய கசியக் கூடாது பாருங்க."

"கசியலைல்ல?" என்றாள் அண்ணி, முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

மேனேஜரின் சிரிப்பு சட்டென்று உள்ளே போய்விட்டது. "அதான் கசிஞ்சிடுச்சே மேடம். களம் வரையற அந்த ஆள் மொத்தத்தையும் தூக்கிட்டு ஓடிட்டானே. நீங்க அவனைத் தேடறீங்க, நல்லது. ஆனா இங்க தேடி என்ன கிடைக்கப் போகுது? உங்க போனைக் குடுங்க."

எங்கள் போன்கள் ஓர் இரும்பு அலமாரியின் குட்டி அறைகளுக்குள் போயின. சாவி மேனேஜர் பாக்கெட்டுக்குப் போனது. மேனேஜர் கதவுக்கு வெளியே போனார். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. இனி சாயங்காலம்தான் திறக்குமாம்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணி என்றால் என் சொந்த அண்ணனைக் கட்டிய அண்ணி. துப்பறிவது அவள் தொழில். கார் ஓட்டுவது, பை தூக்குவது, கண்ட இடத்தில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என் தொழில். எங்கள் அண்ணன் புத்திசாலி. 'ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயாவது மாட்டிக்கிட்டா எனக்குப் போன் பண்ணாதீங்க' என்று கல்யாணமான மறுமாதமே சொல்லிவிட்டான். இன்று போனும் இல்லை. அவன் கவலையும் தீர்ந்தது.

நேற்று எங்கள் ஆபீசுக்கு வந்தவள் அந்தக் களக்காரனின் மனைவி. வீடியோ கேமில் வீரர்கள் ஓடித் திரிந்து சுட்டுக்கொள்ளும் இடத்துக்குக் களம் என்று பெயர். அதை வரைவது அவன் வேலை. முந்தாநாள் காலை வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. ஓடிவிட்டான் என்கிறது கம்பெனி.

"அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே சர்க்கரை" என்றாள் அவள். அழுது முடித்த குரல். "தினம் இன்சுலின் போட்டாகணும். பையில ஒரு நாளைக்குத்தான் எடுத்துட்டுப் போவார். மீதி அத்தனையும் ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. ஓடிப்போறவர் உயிரை வீட்டுல வெச்சிட்டா ஓடுவார்?"

அண்ணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவரைப் பற்றி வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றாள்.

"என்ன சொல்ல? தூங்கும்போதுகூட இதே ஆட்டந்தான். என் கையைப் பிடிச்சுட்டுத்தான் தூங்குவார். தூக்கத்துல கட்டைவிரலால என் கையை அமுக்கிக்கிட்டே இருப்பார். என்னன்னு கேட்டா, 'ரீலோட், துப்பாக்கியில குண்டு போடறேன்'பார். இப்படியும் ஒரு மனுஷன்!"

சிரிக்கப் பார்த்து, மறுபடி அழுதுவிட்டாள்.

இன்று மூன்றாம் நாள். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி அனுமதி கொடுத்ததால் எங்களை மட்டும் உள்ளே விட்டார்கள். அவன் எங்கே இருந்தாலும் இன்றைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாளை கண்டுபிடித்தால் பொணத்தைத்தான் கொடுக்க முடியும் என்று டாக்டர் ஒருவரிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தாள் அண்ணி.

இப்போது நாங்களே அகப்பட்டுக்கொண்டோம். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் சாம்பல் நிறம். ஏசி மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நீள மேஜையில் ஐந்து பேர் திரைக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியாகும் முன்பு ஆட்டத்தை ஆடி ஆடிக் குறை கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நாள் முழுக்க விளையாடச் சம்பளம் என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவர்கள் கண்ணைப் பார்த்ததும் அது போய்விட்டது. மனுஷனுக்கு இருக்க வேண்டிய கண்ணா அது!

அலமாரிக்குள் யாருடைய போனோ 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்து, ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"பக்கத்துலயே வெச்சுட்டுத் தொட முடியாது. என்ன கொடுமை இது?" என்றேன்.

"முன்னாடியெல்லாம் அலமாரி வெளியதான் சார் இருந்துச்சு" என்றாள் சுருட்டை. சுருட்டை முடி வைத்திருந்ததால் அந்தப் பெண்ணுக்கு அதுவே பெயர். "முந்தாநாள்லேர்ந்துதான் உள்ள கொண்டுவந்து வெச்சிருக்காங்க. நடுராத்திரி எங்க அம்மா எழுந்து பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரே சத்தம் அது."

அண்ணி அலமாரியை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "என் கொழுந்தனாருக்கு ஆடக் கத்துக்குடும்மா" என்றாள்.

"நானா?"

"பின்ன, எனக்கு மூட்டுவலி."

ஆட்டத்தின் பெயர் 'வெளிச்சவேட்டை'. ரொம்பக் காலத்துக்கு அப்பால், சூரியன் மங்கிப்போன உலகம். மிச்சமிருக்கும் வெளிச்சத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி பிடித்த என் இரண்டு கைகள் மட்டும் திரையில் தெரிந்தன. சுருட்டை வித்தைகளைச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பொத்தானை அமுக்கினால் நம் நிழல் கழன்று தனியாக ஓடும், எதிரி ஏமாந்து அதைச் சுடுவான். இன்னொன்றை அமுக்கிக் கத்தினால், சத்தம் பட்ட சுவர் ஒரு நொடி கண்ணாடியாகிவிடும். மூன்றாவது மாற்றுக் குண்டு. அது யார் மேல் படுகிறதோ அவர் நம் இடத்துக்கு வந்துவிடுவார், நாம் அவர் இடத்துக்குப் போய்விடுவோம்.

"இது மட்டும் வீட்டுல இருந்தா, அண்ணி திட்டும்போதெல்லாம் அண்ணனைச் சுட்டுட்டு அவன் ரூமுக்குப் போயிடுவேன்."

"ஆடு, ஆடு" என்றாள் அண்ணி.

ஆடினேன். செத்தேன். செத்தால் களத்தின் அந்தக் கோடியில் மறுபடி பிறக்க வேண்டும். பிறந்தேன், செத்தேன். இரண்டுக்கும் நடுவில்தான் அந்த இடத்தைக் கவனித்தேன். நீள மேஜை. ஐந்து நாற்காலி. சாம்பல் சுவர்.

"அட, இது இந்த ரூம்!"

"ஆமா சார். எந்த ஆட்டம் செஞ்சாலும் முதல் களம் சொந்த ஆபீஸ்தான். அளவெடுக்க அலைய வேண்டாம் பாருங்க. களக்காரர் அண்ணன் ஒரு இஞ்ச் பிசகாம வரைஞ்சிருக்கார். கதவை மட்டும் விட்டுட்டார். சுவரைக் கண்ணாடியாக்கி மாற்றுக் குண்டு விட்டாத் தாண்டிடலாமே, கதவு எதுக்குன்னு."

கதவே இல்லாத ஆபீஸ். நிஜத்திலும் திரையிலும் ஒரே கதிதான், வெளியே போக வழியில்லை. 

"நீலமா ஓடறது யாரு?" என்று கேட்டாள் அண்ணி.

"தெரியாது. பேர் காட்டாது. ஆளுக்கொரு நிறம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாத்திக்கலாம். பேர் தெரிஞ்சா, 'நீ ஏன் என்னைச் சுட்டே'ன்னு சாப்பாட்டு நேரத்துல சண்டை வருது."

அப்போதுதான் அது வந்தது. வெள்ளை நிறத்தில் ஓர் உருவம். எங்களைச் சுடவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. தள்ளாடித் தள்ளாடி நடந்து ஒரு மூலைக்குப் போய், வெறும் சுவரைப் பார்த்துச் சுட்டது. சுட்ட இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது.

"லூசுப் பொம்மை" என்றான் கடைசி நாற்காலிக்காரன். பாதிக் கண் எப்போதும் மூடியிருப்பதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். "வெள்ளையெல்லாம் பொம்மைங்க சார், கம்ப்யூட்டர் தானா ஓட்டறது. இது ஒண்ணு கெட்டுப்போச்சு. எடுத்துடுங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். மேனேஜர் எடுக்க மாட்டேங்கறார்."

பொம்மை இன்னும் இரண்டு புள்ளி வைத்தது. துப்பாக்கியைத் தாழ்த்திக் குண்டு நிரப்பியது. மறுபடி இரண்டு சுட்டது. மறுபடி நிரப்பியது. பின்னாலிருந்து ஒரு பச்சை உருவம் வந்து பொம்மையின் தலையில் சுட்டது. பொம்மை விழுந்தது. சுவரிலிருந்த புள்ளிகளும் மங்கி மறைந்தன.

"பொம்மையைச் சுட்டா எத்தனை மார்க்?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் கிடையாது. ஆளைச் சுட்டாத்தான்."

அண்ணி என் காதருகே குனிந்தாள். "மார்க் இல்லாத பரீட்சைக்கு யாராவது விழுந்து விழுந்து படிப்பாங்களா? நாம உக்காந்ததுலேர்ந்து பச்சை அந்தப் பொம்மையைத் தவிர வேற யாரையுமே சுடலை."

"பச்சைக்கு அது மேல என்ன கோபமோ."

"அப்புறம் இன்னொண்ணு. துப்பாக்கி நிறைய குண்டு இருக்கும்போதே ரெண்டு மூணு சுட்டதும் எதுக்கு நிரப்பணும்?"

நான் சுருட்டையிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். "அது மனுஷ வியாதி சார். எங்க எல்லாருக்கும் இருக்கு. ஒரு குண்டு போனாலும் கை தன்னால அமுக்கிடும். பொம்மைக்கு ஏது அந்த வியாதி? குண்டு மொத்தமும் தீர்ந்தாத்தான்..."

அவள் நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்தது. களக்காரன் மனைவி சொன்னது எனக்கு நினைவு வந்தது. கட்டைவிரலால் என் கையை அமுக்கிக்கிட்டே இருப்பார்.

"பொம்மைங்களை ஓட்டற மெஷின் எங்கம்மா இருக்கு?" அண்ணியின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியாது மேடம். வயர் சுவருக்குள்ள போகுது. யாரும் கேட்டதில்லை."

"களக்காரன் உயிரோட இருக்கான்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள் அண்ணி. "அந்த மெஷின்கிட்ட அடைஞ்சு கிடக்கான். பேச வழியில்லை, எழுத வழியில்லை. ஒரு பொம்மைக்குள்ள பூந்துக்கிட்டு மூணு நாளா சுவத்துல ஏதோ வரைஞ்சு காட்டறான். முடிக்கறதுக்குள்ள பச்சை கொன்னுடறான். சுத்தி வந்து மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கறான், பாவம்."

"பச்சை யாரு?"

"இந்த அஞ்சு பேர்ல ஒருத்தன். அவன் யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்தப் படம் முழுசா வேணும். அடுத்த தடவை பொம்மையைச் சாக விடாதே."

"அண்ணி, என்னையே என்னால சாகாம பாத்துக்க முடியலை."

"கல்யாணப் பந்தியில கடைசி லட்டை என்கிட்டேர்ந்து பறிச்ச கை அது. முடியும்."

வெள்ளை உருவம் வர ரொம்ப நேரமாயிற்று. வந்தபோது இரண்டடி வைப்பதும் நிற்பதுமாக வந்தது. நடுவில் அப்படியே நின்றுவிட்டது. 'எழுந்திருடா சாமி, எழுந்திரு' என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. அந்தப் பக்கம் ஒருவனின் தலை தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி இதை எப்படி விளையாட்டு என்று நினைப்பது?

நகர்ந்தது. மூலைக்கு வந்தது. முதல் புள்ளி. மேலே நேராக ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. ரீலோட். குறுக்கே மூன்று. ரீலோட். பச்சை வந்துவிட்டான். அவன் துப்பாக்கியைத் தூக்கிய நொடியில் நான் மாற்றுக் குண்டைப் பச்சையின் மேல் விட்டேன். நான் அவன் நின்ற இடத்தில் இருந்தேன், அவன் என் கோடியில் போய் விழுந்தான்.

"சபாஷ்!" என்று சுருட்டை கத்தினாள்.

புள்ளிகள் மறுபக்கம் கீழே இறங்கின. பச்சை திரும்ப ஓடி வந்தான். நிழலைக் கழற்றி விட்டேன். அவன் நிழலைச் சுட்டான். அடுத்து என்னைச் சுட்டான், செத்தேன். ஆனால் பொம்மை முடித்துவிட்டது. நின்ற வாக்கில் ஒரு நீளக் கட்டம். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், தனியாக ஒரு புள்ளி.

கதவு. கைப்பிடியோடு ஒரு கதவு.

கதவே இல்லாமல் களத்தை வரைந்தவன், இப்போது ஒரு கதவை வரைந்துவிட்டு விழுந்தான்.

அண்ணி சட்டென்று எழுந்தாள். "எல்லாரும் கையைத் தூக்குங்க! விளையாட்டு இல்லை, சொல்றேன்ல, கையை மேல தூக்குங்க!"

அவள் குரலில் என்ன இருந்ததோ, ஐந்து பேரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அண்ணியின் கண் நேராகத் தூங்குமூஞ்சியிடம் போனது. பொம்மையை எடுக்கச் சொன்னவன் அவன்தானே. ஐந்து நிறங்கள் திரையில் அசையாமல் நின்றன. என்னுடையது செத்துக் கிடந்தது.

பச்சை மட்டும் நடந்துகொண்டிருந்தான்.

மெதுவாக வந்தான். என் திரைக்கு நேரே நின்று பார்த்தான். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "பச்சை இந்த ரூம்லயே இல்லை."

எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. விளக்கும் ஏசியும் போயின. கதவின் சிவப்புப் புள்ளியும் போய்விட்டது. அத்தனை பேரின் மூச்சும் அந்த இருட்டில் கேட்டது. யாரோ ஓடிப்போய்க் கதவை இடித்தார்கள். அது இம்மியும் அசையவில்லை. கரண்ட் போனாலும் திறக்காது.

"மேனேஜர்" என்றேன்.

"அந்த மூலையில என்ன இருந்துச்சு முன்னாடி?" அண்ணி இருட்டில் கேட்டாள்.

"பழைய ரெக்கார்டிங் ரூம்" என்றான் தூங்குமூஞ்சி. தூக்கமெல்லாம் போயிருந்தது. "துப்பாக்கிச் சத்தமெல்லாம் அங்கதான் பதிவு பண்ணுவாங்க. மூடி வருஷமாச்சு. உள்ள கத்தினா வெளிய ஒரு பொட்டு கேக்காது. ஐயோ, அது வாசல்லதான அந்த அலமாரி..."

தடவித் தடவிப் போனோம். இரும்பில் கை பட்டது. ஏழு பேரும் தோள் கொடுத்தோம். அது மலை மாதிரி நின்றது. "குலுக்கு! முன்னாடி பின்னாடி குலுக்கு!" என்றாள் அண்ணி. அவள் மூட்டுவலி எங்கே போனதோ தெரியவில்லை. குலுக்கினோம், சாய்ந்தது, இடி விழுந்த மாதிரி விழுந்தது. குட்டிக் கதவுகள் பிளந்துகொள்ள, போன்கள் தரையெங்கும் சிதறின. அதில் ஒன்று ஒளிர்ந்து அதிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு தாழ்ப்பாள் தெரிந்தது.

அண்ணி தாழ்ப்பாளை இழுத்தாள். பஞ்சு வைத்த கனத்த கதவு பிளந்தது. வாடை குப்பென்று வந்தது. மெஷின் முன்னால், தரையில், சுவரோடு சாய்ந்து கிடந்தான் களக்காரன். உதடு வெடித்திருந்தது. காலியான தண்ணீர் பாட்டில் பக்கத்தில் உருண்டு கிடந்தது. கையில் இன்னும் ஆட்டக் கருவி.

கழுத்தில் விரல் வைத்துப் பார்த்த அண்ணி, "இருக்கான்" என்றாள். அவள் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "முதலாளிக்குப் போன் போடு. ஆம்புலன்சுக்குப் போடு. கீழ வரவேற்பறைக்குப் போட்டு அந்தப் பொண்ணை மருந்தோட மேல வரச் சொல்லு. சீக்கிரம்!"

நான் என் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சுருட்டை மூன்று இடத்துக்கும் போன் போட்டு முடித்திருந்தாள்.

களக்காரனின் கண் லேசாகத் திறந்தது. போன் வெளிச்சத்தில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"மேனேஜர்... ஆட்டத்தை வெளியாளுக்கு வித்துட்டார்" என்றான். காற்றுதான் வந்தது. "முதலாளிகிட்ட சொல்றேன்னேன். ஒரு நிமிஷம் உள்ள வா, பேசலாம்னார்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "மாற்றுக் குண்டு போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"ரொம்ப... மோசமா ஆடறீங்க."

"பொழைச்சு வா, கத்துக்குடு" என்றேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, போகட்டும்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. எங்கள் கதவு மட்டும் அப்படியே நின்றது. முதலாளி மூச்சிரைக்கப் படியிறங்கி வந்து கார்டை வைத்த பிறகுதான் திறந்தது. அவருக்கு முன்னால் களக்காரன் மனைவி ஓடி வந்தாள். பையைப் பிரித்து மருந்தை எடுத்து அவனுக்குப் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழிவிட்டு நாங்கள் நடைக்கு வந்தோம். எதிரே கண்ணாடி கேபினுக்குள் மேனேஜர். உள்ளிருந்தே கதவை இழுத்துக்கொண்டிருந்தார். கார்டை வைத்துப் பார்த்தார், சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். எங்கள் திரையை அணைக்கும் பதற்றத்தில் மாடி முழுவதற்கும் கரண்டைப் பிடுங்கியவர், தன் கேபினுக்கும் அதே பூட்டு என்பதை மறந்துவிட்டார். கெடுவான் கேடு நினைப்பான் என்பது சும்மாவா?

முதலாளி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். "திறக்கட்டுமா?"

"போலீஸ் வரட்டும்" என்றாள் அண்ணி. "கத்தினா கேக்கும், காத்து வருது, மேஜையில தண்ணி இருக்கு. அவனுக்கு இதெல்லாம் குடுத்தாரா?"

ஸ்ட்ரெச்சர் எங்களைக் கடந்து போனது. அவள் அவன் கையைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். லிஃப்ட் வாசலில் சட்டென்று நின்று எங்கள் பக்கம் திரும்பினாள். கன்னமெல்லாம் கண்ணீர். அவள் உள்ளங்கைக்குள் அவன் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்தது.

"பாருங்க மேடம்" என்றாள். "இந்த நிலைமையிலயும் அமுக்கறார்."